பட்டு ராத்திரிக்கு, பூட்ஸ் பகலுக்கு

அந்த அக்கா எந்தப் பொருளையும் வெளியே பார்த்து முடிவு செய்ததில்லை. உள்ளே கையை விட்டுத்தான் பார்ப்பாள். புதுப் பானை வாங்கினால் கை உள்ளே போகும். தையல்காரரிடமிருந்து வந்த ரவிக்கை, தலையணை உறை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, எதையும் விடமாட்டாள். கை உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொள்வாள். விரல்கள் மட்டும் மெதுவாக நடக்கும். பிறகு கண்ணைத் திறந்து, கை என்ன சொன்னதோ அதை அப்படியே சொல்லிவிடுவாள். கேட்கிறவர்களின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கமாட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்காவின் குடும்பம் எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்தது. ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் தெரு முழுக்கத் தறி வீடுகள். காலையில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் தொடங்கும்போது அக்கா மட்டும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடுவாள். ராணிப்பேட்டை பக்கம் இருந்த ஒரு ஷூ கம்பெனியின் பஸ் அங்கே வந்து நிற்கும். அந்தக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் அவளுக்கு வேலை. தைத்து வந்த ஷூ ஒவ்வொன்றிலும் கையை விட்டு, ஆணி முனை தட்டுகிறதா, நூல் முடிச்சு நிற்கிறதா, பசை கட்டியாக உறைந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

"கண்ணுக்குத் தெரியறத யாரு வேணா பாத்துடலாம். காலுக்குத் தெரியறத கைதான் பாக்கணும்" என்பாள். தெருவில் அவளுக்கு ஷூ கம்பெனி அக்கா என்றே பெயர்.

கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கிய பிறகும் அந்தக் கைக்கு வேலை முடியாது. காய்கறி வண்டிக்காரர் அவளைக் கண்டாலே கூடையை இழுத்துப் பிடித்துக்கொள்வார். மேலே இருக்கும் கத்திரிக்காயை அவள் தொடவேமாட்டாள். அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்து, சொத்தையை நிற்கிறவர்கள் எல்லாருக்கும் காட்டுவாள்.

"யம்மா, நீ வாங்கவே வாணாம். வூட்டுக்குப் போ. உனுக்குப் புண்ணியமா போவும்" என்பார் அவர்.

"வாங்கறதுக்குத்தான வந்தேன். மேல கீறத போடு."

ஒருமுறை என் அம்மாவின் புது ரவிக்கைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அத்தே, அக்குள் தையல் தடிப்பா கீது. வேர்வ பட்டா உரசி புண்ணாயிடும்" என்றாள்.

"போட்டுக்கப் போறது நானா, நீயா?" என்று அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். அன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மா, யாரும் இல்லாத நேரம் பார்த்து அக்குளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டதை நான் பார்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. எனக்கு எப்போதுமே பேசுவதைவிடப் பார்ப்பது சுலபம்.

அவளிடம் எனக்குப் பிரியம் உண்டு. கூடவே கொஞ்சம் பயமும் உண்டு. என்னைப் பெண் பார்க்கக் கலசப்பாக்கத்திலிருந்து ஆட்கள் வந்த அன்று அந்தப் பயம் பலித்துவிட்டது. வந்தவர்கள் செருப்புகளை வாசலில் விட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் கறுப்பு ஷூ பளபளவென்று இருந்தது. ஒத்தாசைக்கு வந்திருந்த அக்கா வாசலில் குனிவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேண்டாம் அக்கா என்று மனதுக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. கை உள்ளே போய்விட்டது.

"இன்னா மாப்ள, ஷூ உங்குளுது இல்லியா? ரெண்டு சைஸு பெருசு. முன்னாடி பேப்பர் திணிச்சிகினு வந்துகீறீங்க" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "எங்க மச்சானுதுங்க" என்றார். நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

அடுத்த பொங்கல்வரை அம்மா அவளோடு பேசவில்லை. அக்காவுக்குக் காரணமே புரியவில்லை. "பொய்யா சொன்னேன்? கால்ல நிக்காத ஷூவ போட்டுகினு விழுந்தா அவருக்குத்தான கஷ்டம்?" என்று என்னிடம் கேட்டாள்.

பிறகு எனக்கு இரண்டு தெரு தள்ளி உள்ளூரிலேயே கல்யாணம் ஆனது. பகலில் அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவின் இரண்டாம் தறியில் உட்காருவேன். அம்மாவும் அக்காவும் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அம்மா எங்களிடம் சொல்லிவைத்திருந்தாள். "இன்னொரு வாட்டி அவ வாயத் தொறந்து எதனா சொன்னா, அப்புறம் இந்த வாசப்படி ஏற வுடமாட்டேன்."

அந்த நாட்களில் கம்பெனிக்கு ஒரு புது ஆர்டர் வந்தது. அக்கா சாயங்காலம் வந்து எங்களிடம் அதிசயமாகச் சொன்னாள். "அடிப்பாகமே இல்லாத பூட்ஸு. மெத்த மாதிரி கீது. இத போட்டுகினு எங்க நடப்பாங்க?" ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு என்று கம்பெனியில் ஒருத்தி சொன்னாளாம். விமானத்தில் போகிறவர்களுக்கு என்றாளாம் இன்னொருத்தி.

சில நாட்கள் கழித்து, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு ஓடு இருந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை உயரம், பக்கத்தில் இரும்புக் கொக்கிகள். இவர்கள் தைத்த மெத்தை பூட்ஸ் அந்த ஓட்டுக்குள் போகிற உள் பூட்ஸ். பனி மலையில் நீளமான பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சறுக்குகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். போட்டுப் பார்க்க அந்த அளவுக்குச் சரியான ஒரு கால் வேண்டியிருந்தது. பெண்கள் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து அளந்தபோது அக்காவின் கால் மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

அந்தச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அக்கா பகல் முழுக்க அந்த பூட்ஸில் நின்றாள். அந்த மனிதர் குனியச் சொன்னார், முழங்காலை மடக்கச் சொன்னார், எங்கே இடிக்கிறது, எங்கே ஆடுகிறது என்று கேட்டார். சூப்பர்வைசர் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா பதில் சொன்னாள்.

"நான் பனிய பாத்ததில்ல. ஆனா பனி பூட்ஸுக்குள்ள ஒரு நாள் குடியிருந்தேன்" என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். "கழட்டினப்போ உள்ள ஒரு சொம்பு வேர்வ."

நாங்கள் சிரித்தோம். அந்தப் பனி பூட்ஸ் சமாச்சாரம் எங்கள் வீட்டுக்கே வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்?

என் தம்பி பத்தொன்பது வயதுவரை அப்பாவோடு தறியில் உட்கார்ந்தவன். அதன் பிறகு ராணுவத்தில் சேர்ந்தான். வடக்கே பனி மலையில் ஒரு முகாமில் இருந்தபோது பனிச்சறுக்குப் பயிற்சிக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனுக்கு அதில் அவ்வளவு ஆசை. ஆனால் முதல் குளிர்காலத்திலேயே கால் மரத்துப்போய், வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. பயிற்சியின் பாதியில் கீழே அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கார்த்திகை மழையில் விடுப்பில் வந்தான். நகம் விழுந்த அந்த விரல்களை அம்மா மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. "நான் தச்சி அனுப்பன மெத்த மெலுசா போயிடுச்சி" என்றாள்.

முந்தின வருடம் அம்மா அவனுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். தறியில் மீந்த பட்டு நூலை அலசிக் காயவைத்து, அடுக்கடுக்காகப் பரப்பி, உள்ளங்கால் அளவுக்குத் தைத்த சின்ன மெத்தைகள். பட்டு சூடு தரும் என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். பூட்ஸுக்குள் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினாள். அவனும் அம்மா சொன்னாளே என்று, இரண்டு கம்பளி சாக்ஸுக்கும் கீழே அதைப் போட்டுக்கொண்டுதான் பனியில் இறங்கினான். இப்போது அம்மா அதைவிட இரண்டு மடங்கு தடிமனாக ஒரு ஜோடி தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அது முடிந்த அன்று, தம்பியின் ராணுவ பூட்ஸுக்குள் அதைத் திணித்துவைத்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அக்காவை அவளே கூப்பிட்டாள்.

"கை வுட்டுப் பாரு. நீதான் பெரிய செக்கிங்கு ஆச்சே."

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கை உள்ளே போனது. கண் மூடியது. நான் தறியை நிறுத்திவிட்டேன். அந்தக் கையைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். வழக்கமாக விரல்கள் நுனிவரை நடந்து திரும்பும். அன்று பாதியிலேயே நின்றுவிட்டன. உள்ளே போக இடமில்லை.

அக்கா கண்ணைத் திறந்தாள். தம்பியின் கறுத்த விரல்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையில் ஊசி இன்னும் இருந்தது. மழை கூரை ஓட்டின்மேல் சத்தமாக விழுந்துகொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடுவாள், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் சொல்லாமல் போனால் அவன் அதைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பனிக்குப் போவான். எது நடந்தாலும் தாங்காது.

"தையல் நல்லா கீது அத்தே" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். அவள் கை பார்த்ததை வாய் சொல்லாமல் விட்டதை அன்றுதான் முதலில் கண்டேன்.

பிறகு தம்பியிடம் திரும்பினாள். "போன வாட்டி அந்தச் சறுக்கற பூட்ஸ எப்டி எடுத்த? அப்டியே செஞ்சி காட்டு."

தம்பி தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, அம்மாவின் மெத்தையை எடுத்துவிட்டு, ராணுவ பூட்ஸை மாட்டிக்கொண்டான். காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, தறி மிதிப்பதுபோல வலது காலை அழுத்தினான். இடது காலை அழுத்தினான். "இப்பிடித்தான் பெஞ்சுல உக்காந்து பாத்தேன். சொகமா இருந்துச்சி. எடுத்துட்டேன்."

"உனுக்கு அங்க தறியா போட்டு வெச்சிருந்தாங்க?"

அப்பா சிரித்துவிட்டார். சிரித்தவர் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஏனென்றால் அவரும் கடையில் உட்கார்ந்தபடியே இரண்டு மிதி மிதித்துப் பார்த்துத்தான் செருப்பு வாங்குவார். அம்மாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். எங்கள் கால்கள் வேலை செய்வதெல்லாம் உட்கார்ந்தபடிதான். எந்தக் கடைக்காரரும் எங்களை நிற்கச் சொன்னதில்லை.

"எல்லாரும் செருப்ப மாட்டிகினு நில்லுங்க, பாக்கலாம்" என்றாள் அக்கா. நின்றோம். அப்பாவின் குதிகால் செருப்புக்கு வெளியே நின்றது. "மாமா, உங்க கால் பாதி தெருவுலதான் நடக்குது." அம்மாவே சிரித்துவிட்டாள்.

உட்கார்ந்திருக்கும்போது கால் சுருங்கியிருக்கும், நின்றால் நீளும், அகலும் என்று அக்கா சொன்னாள். தம்பியை பூட்ஸைக் கழற்றிவிட்டு ஈரக் காலோடு தரையில் நிற்கவைத்து, காலை எடுக்கச் சொன்னாள். இரண்டு கால் தடங்களும் ஒன்றுபோல இல்லை. வலது தடம் விரல்களருகே விரிந்திருந்தது. அது தறியில் சேலைப் பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியின் மிதிகட்டையை மிதித்து மிதித்து அகன்ற கால். "உன் வலது காலுக்குத்தான் பூட்ஸு பாக்கணும். எடது கால் சும்மா கூட வரும்" என்றாள்.

அப்பா தின்றுகொண்டிருந்த வேர்க்கடலையில் ஓட்டோடு ஒன்றை எடுத்துத் தம்பியின் காதருகே ஆட்டினாள்.

"கேக்குதா? காஞ்ச மல்லாட்ட, ஓட்டுக்குள்ள கடகடன்னு ஆடுது. பச்ச மல்லாட்ட ஆடாது. ஆனா ஓட்ட ஒடைக்கவும் ஒடைக்காது. கால் பூட்ஸுக்குள்ள அப்டி இருக்கணும்."

அதன் பிறகு அவள் சொன்னதெல்லாம் அந்தச் சித்திரை வெயிலில் நின்று தெரிந்துகொண்டவை. சாயங்காலமாகப் போய் எடு, அப்போதுதான் கால் முழு அளவில் இருக்கும். உள் பூட்ஸை உருவிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரலை முன்னால் தள்ளி நில். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் பெரிது. பிறகு உள் பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவு, மடிப்போ தையல் மேடோ இருந்தால் திருப்பிக் கொடு. போட்டுக்கொண்டு நேராக நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் தொடாமல் விலக வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. கொக்கியை இறுக்கித்தான் கால் நிற்கிறது என்றால் அது உன் பூட்ஸ் இல்லை.

"ஒரு சோறு வடிக்கற நேரம் போட்டுகினு நில்லு. ஜல்தி ஜல்தின்னு யாரு கத்தினாலும் கழட்டாத. ஒரே ஒரு சாக்ஸு. அதுவும் மெலுசா."

"அப்போ என் மெத்த?" என்றாள் அம்மா.

நான் தறியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா அந்த மெத்தையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அத்தே, பகல் முச்சூடும் கால் அந்த ஓட்டுக்குள்ள கட்டுண்டு கெடக்கும். கழட்டினப்புறம்தான் அதுக்கு நல்லா ரத்தம் ஓடி சூடு ஏறணும். பட்டு அப்பதான் வேணும். பட்டு ராத்திரிக்கு, பூட்ஸு பகலுக்கு. இதப் பிரிச்சி, தளர்வா பை மாதிரி தச்சிக் குடு. மாட்டிகினு படுப்பான்."

அம்மா யோசித்தாள். "அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். உடனே ஊசியால் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

அக்காவை எதிர்வீடுவரை கொண்டுபோய் விட தம்பி குடையை எடுத்தான். நானும் பின்னால் போனேன். தெரு நடுவில் அவன் கேட்டான். "அக்கா, போன வருஷம் கால் கறுத்தது அந்த மெத்தயாலதானா?"

"மெத்த, ரெண்டு சாக்ஸு, உக்காந்துகினு எடுத்த பூட்ஸு. எல்லாம் சேந்து நெருக்கினா ரத்தம் எந்த வழியா போவும்?"

"அம்மாகிட்ட..."

"எதுக்கு? விரல் இன்னும் கீதுல்ல? இனிமே உள்ள வெக்காத, அவ்ளோதான்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது வாயத் தொறக்காது. அது எனுக்குத் தெரியும்."

அவன் போன பிறகு மார்கழி முழுக்க அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தை பிறந்தும் போன் வரவில்லை. அக்கா தினமும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் எங்கள் வாசலைப் பார்ப்பாள். எதுவும் கேட்கமாட்டாள். அவள் சொன்னது தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று அவளும் நினைத்திருக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டார்கள். அம்மா செருப்பில்லாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். அம்மா ரிசீவரை வாங்கி, நலம் விசாரிக்காமல், "கால்?" என்றாள்.

"பத்து விரலும் கீதும்மா. பயிற்சி முடிஞ்சிடுச்சி. பாஸு."

அம்மா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் ரிசீவரை வாங்கிக்கொண்டேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். பூட்ஸ் கொடுக்கிற ராணுவ ஸ்டோரில் உள் பூட்ஸை உருவி ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தானாம். "இன்னாடா, கத்திரிக்காயா பொறுக்கற?" என்று ஹவில்தார் இந்தியில் கத்தினாராம். இவன் கழற்றாமல் நின்றுகொண்டே இருந்தானாம். கடைசியில் அவரே தனக்கும் இரண்டு விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாராம்.

அதற்குள் கம்பெனி பஸ் வந்து நின்றது. இறங்கிய அக்காவைப் பார்த்து அம்மா ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே இரண்டு கைகளையும் விரித்துப் பத்து விரல்களைக் காட்டினாள். அக்கா டிபன் பாக்ஸோடு அப்படியே நின்று, பெரிதாக மூச்சை விட்டாள்.

என் பட்டுதான் பிள்ளை காலைக் காப்பாற்றியது என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அக்கா பக்கத்தில் இருந்தால், "பின்ன?" என்பாள். வேறொன்றும் சொல்லமாட்டாள். அம்மா கடைசிவரை அப்படித்தான் நம்பினாள். அதில் ஒரு பாதி உண்மையும்கூட. குளிரில் ராத்திரி அந்தப் பட்டுப் பைதான் தூங்கவைத்தது என்று தம்பி வந்தபோது சொன்னான்.

மாசியில் அம்மா இன்னொரு ஜோடி தைத்தாள். பகல் முழுக்க நின்று வேலை செய்கிற கால், ராத்திரி மாட்டிக்கொண்டு படுக்கட்டும் என்று எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அக்கா வாங்கியதும் கை பழக்கத்தில் உள்ளே போனது. கண் மூடியது. இந்த முறை விரல்கள் நுனிவரை நடந்து திரும்பி வந்தன.

"தையல் நல்லா கீது அத்தே."

அங்கேயே இரண்டையும் மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று, முழங்காலை ஒருமுறை மடக்கிப் பார்த்தாள். அதோடு தெருவில் இறங்கித் தன் வீட்டுக்கு நடந்தாள்.

"அடியே, படுக்கும்போது போட்டுக்கறதுடி அது. மண்ணுல போட்டுகினு போறியே" என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். அக்கா திரும்பவில்லை. நடந்துகொண்டே, காலைத் தூக்கித் தூக்கி, மண் படிந்த அடியை அம்மாவுக்குக் காட்டிவிட்டுப் போனாள்.